பதினாலாம் நம்பர் வீட்டின் எடை

திங்கட்கிழமை காலையிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

பால் பாக்கெட் வாங்கப் போனால் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், நிக்காதீங்க" என்கிறார். எதிர்வீட்டுக்காரர் — இத்தனை வருடமாகப் பேப்பரில் என் பத்தியைப் படித்துவிட்டு, "போன வாரம் சுமார்தான்" என்று மட்டுமே சொல்லிப் பழகியவர் — என் தோளில் கை வைத்து, "இதெல்லாம் சகஜம் சார்" என்றார். எது சகஜம்? அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே தெரியும்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி கொஞ்சம் சத்தம் போடும். ஐம்பத்தாறு வயதில் அதுகூடப் போடாவிட்டால்தான் கவலை. ஆனால் நான் பெரியவர்களுக்கான டயாப்பர் கட்டிக்கொள்கிறவன் என்று எங்கள் நகர் முழுவதும் இப்போது நம்புகிறது. பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் போகிற வழியில் இருக்கும் சின்ன நகர்தான். நம்புவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நம்பவைத்தவன் நான்தான். காரணம், குப்பை.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் நகரில் குப்பை எடுக்க, குடியிருப்போர் சங்கமே ஆள் போட்டிருக்கிறது. முன்பு எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம். இரண்டு வாழைப்பழத் தோல் போடுகிற வீடும், தினம் எட்டு இளநீர் மட்டை போடுகிற வீடும் ஒன்றா? நியாயமில்லைதானே? அதனால் சித்திரையிலிருந்து எடைக்கு ஏற்ற கட்டணம் என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு போடுகிறாயோ அவ்வளவு கொடு. கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான். போதாததற்கு இந்தப் பத்தியில், 'குப்பையை வெளிச்சத்தில் நிறுத்தினால் தானாகவே இளைத்துவிடும்' என்று ஒரு வரி வேறு எழுதினேன். நல்ல வரி என்று அப்போது நினைத்தேன்.

சங்கச் செயலாளர் செந்தில் முந்திரி வியாபாரி. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வரும் மூட்டைகளை நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றைச் சங்கத்துக்கு இரவல் கொடுத்தார். பத்து கிராம் வரை காட்டும். முந்திரிக்கு அந்தத் துல்லியம் தேவை. வெண்டைக்காய்க் காம்புக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

காலை ஏழேகாலுக்கு பேட்டரி வண்டி வரும். குப்பை எடுக்கும் மலர்க்கொடி இறங்கி, வாசலில் இருக்கும் வாளிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டுவார். கணக்கு நோட்டு வண்டியில் இருப்பவரிடம். வண்டியிலோ இடைவிடாமல் பாட்டு ஓடும். ஆகவே மலர்க்கொடி எடையைக் கத்தித்தான் சொல்லவேண்டும்.

"பதினொண்ணு — ஒரு கிலோ நூறு. பன்னெண்டு — எழுநூறு கிராமு. பதிமூணு — மூணு கிலோ முந்நூறு."

தெருவே கேட்கும். கேட்டால் மனிதன் சும்மா இருப்பானா? "பதிமூணுல விருந்தாளி வந்திருக்காங்க போல" என்று ஒரு குரல். "ஞாயித்துக்கிழமையில்ல, எறா உரிச்சிருப்பாங்க" என்று இன்னொரு குரல். ஒரு வாரம் என் வீட்டில் காகிதம் போடுகிற நீல வாளி கொஞ்சம் கனத்தது. செந்தில் போனில் அழைத்து, "என்ன சார், இந்த வாரம் பத்தி சரியா வரலியா? காயிதமா கிழிச்சுப் போட்டிருக்கீங்க" என்றார். ஓர் எழுத்தாளனின் அந்தரங்கம் அத்தோடு முடிந்தது.

பயம் வந்துவிட்டால் மூளை நன்றாக வேலை செய்கிறது. குப்பையில் பாதி தண்ணீர் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் இருக்கிறதா? ஒரே வாரத்தில் மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரிந்தன. அவற்றின் மேல் தர்பூசணித் தோல், பூசணிக் குடல், காபிச் சக்கை. பக்கத்திலேயே கூழ்வடகமும் காயும். நடுவில் ஒரு செங்கல் வரிசை, எல்லைக்கோடு. நானும் காயவைத்தேன். காக்கை விரட்டக் குச்சியோடு உட்கார்ந்திருந்தபோது அடுத்த மாடியிலிருந்து கேட்டார்கள்.

"என்ன சார், வத்தலா?"

"ஆமாங்க."

"என்ன வத்தல்?"

"புதுசா ஒண்ணு."

என் மைத்துனர் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு முழு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். சுமதி — என் மனைவி, இந்தப் பத்தியில் அடிக்கடி ஜெயிப்பவர் — அண்ணனை வரவேற்ற விதத்தைப் பார்க்கவேண்டும். சுளைகளை நாங்கள் எடுத்துக்கொண்டு, மடலையும் சக்கையையும் அதே சாக்கில் கட்டி, அதே பஸ்ஸில் அவரிடமே கொடுத்தனுப்பினோம். "மாட்டுக்கு ஆவும்ணே" என்றார் சுமதி. அவரிடம் மாடு கிடையாது.

இவ்வளவு செய்தும், இரண்டாவது மாதக் கடைசியில் வாட்ஸப் குழுவில் வந்த எடைப் பட்டியலில் முதல் இடம் யாருக்கு? பதினாலாம் நம்பர். நான்.

முதலில் தராசு மேல் சந்தேகப்பட்டேன். பிறகு மலர்க்கொடி மேல்.

"எடைய நான் கூட்டுறேனா சார்?" என்றார் அவர். "வாளி ஒங்க வாளிதான?"

பிறகு ரத்த அழுத்த மாத்திரை தினமும் சரியாகப் போடுகிறேனா என்று சுமதி சந்தேகப்பட்டார். நான் குளியலறை எடை மெஷினில் வாளியோடு ஒருமுறையும் வாளியில்லாமல் ஒருமுறையும் ஏறி நின்று கழித்துப் பார்த்தேன். ஆறரைக்கு வாசலில் வைக்கும்போது ஒரு கிலோ இருநூறு. ஏழேகாலுக்கு மலர்க்கொடி கத்தும்போது மூன்று கிலோ. முக்கால் மணி நேரத்தில் குப்பை குட்டி போடுமா?

கவலைப்படுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் இது வேறு மாதிரி. தெருவில் யாரோ ஒருவர் என் மேல் பாரத்தை ஏற்றுகிறார். யார்? எனக்கு எதிரிகள் உண்டா? பட்டியல் போட்டேன். நீளமாகத்தான் இருந்தது. பாதிப் பேர் வாசகர்கள்.

மறுநாள் வண்டி வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நீல வாளியைத் திறந்தேன். என் காகிதங்களுக்கு மேல் ஒரு பொட்டலம். செய்தித்தாளில் மடிப்பு மடிப்பாகச் சுற்றி, நூலால் கட்டி, மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி. சானிட்டரி நாப்கின், டயாப்பர் மாதிரி சமாசாரங்களைத் தனியே சுற்றிச் சிவப்புக் குறி போடவேண்டும் என்பது சங்கத்தின் விதி. எங்கள் தெருவில் அதை யாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. அடுத்தவன் வாளியில் திருட்டுத்தனமாகப் போடுகிறவர், விதிப்படி குறி போட்டுப் போட்டிருக்கிறார்.

சுற்றியிருந்த தாள் என் பத்தி வந்த பக்கம். அதிலும் ஓர் எழுத்துப்பிழை சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தது.

எனக்கு அப்போதே புரிந்திருக்கவேண்டும். புரியவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த நாள் காலை செம்பருத்திச் செடிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். முட்டி இரண்டு முறை சத்தம் போட்டது. ஆறே முக்காலுக்கு அருள்மேரி டீச்சர் வந்தார். பக்கத்து வீடு, பதினைந்தாம் நம்பர். வரதராஜன்பேட்டைக்காரர். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து திரும்பும் நேரம். முக்காடு கலையவில்லை. தன் வீட்டுக் கேட்டுக்குள் போய், ஒரு துணிப்பையோடு வெளியே வந்து, என் வாளியின் மூடியைத் திறந்தார்.

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் செடியும் கொஞ்சம் வந்தது.

"டீச்சர்…"

அவர் பொட்டலத்தைப் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார்."

"கேட்டிருந்தா நானே போட்டிருப்பேனே" என்றேன். பொய். கேட்டிருந்தால் ஏன் என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன்.

"அவருக்கு முடியல சார். ரெண்டரை மாசமாச்சு."

அவர் என்றால் டீச்சரின் கணவர் சவரிமுத்து சார். அரியலூர்ப் பக்கம் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டர். நடந்து போகும்போதே பத்துப் பேர் நிமிர்ந்து நிற்பார்கள். கோடையில் டீச்சரும் அவரும் பத்து நாள் திருச்சிக்குப் போனதை, மகள் வீட்டுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். போனது ஆஸ்பத்திரிக்கு. பக்கவாதம். வலப்பக்கம் போய்விட்டது. 'காலு சுளுக்கு, வெளிய வரமாட்டாரு' என்று டீச்சர் சொன்னதை நம்பியிருந்தோம். அந்த வீட்டிலிருந்து அவ்வப்போது விசில் சத்தம் கேட்கும். ரிட்டயர் ஆகியும் மனிதர் விடவில்லை என்று நான் சுமதியிடம் கிண்டல் செய்ததுண்டு. பேச்சு குழறுவதால், டீச்சரைக் கூப்பிட அவர் அந்த விசிலைத்தான் தலைமாட்டில் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

"காசுக்காக இல்ல சார்" என்றார் டீச்சர். "பென்ஷன் வருது. எத்தன கிலோவுக்கு வேணாலும் குடுத்துடுவேன். அந்தப் பொண்ணு சத்தமா சொல்லுது பாருங்க, பதினஞ்சு — நாலு கிலோன்னு. அவரு கட்டிலு ஜன்னலோரம். கேட்டுட்டாரு. ரெண்டே பேரு இருக்கற வூட்ல நாலு கிலோ எப்பிடின்னு எதுத்தாப்புல யாரோ கேட்டதும் அவரு காதுல விழுந்துடுச்சு."

"அதுக்கு?"

"அன்னிலேருந்து தண்ணி குடிக்க மாட்டேங்கறாரு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"தண்ணி குடிச்சாதான சார் நனையும்? நனைஞ்சாதான எடை? நாள் பூரா அர டம்ளர். இந்த வெயில்ல. ஒண்ணுக்குப் போனா மஞ்சளா, எரிச்சலோட. இன்னொரு தடவ காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும்னு டாக்டர் சொல்றாரு. சொன்னா கேக்கணுமே. 'செந்திலு எங்கிட்ட கபடி ஆடுனவன், அவன் லிஸ்ட்ல எம் பேரா?'ங்கறாரு. அதான்… காலையில எங்க வூட்டு எடை ஒரு கிலோன்னு கேட்டா, ஒரு டம்ளர் குடிக்கிறாரு. அதுக்காகத்தான் ஒங்க வாளியில…"

அவர் மாடிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வேட்டிகள் விரிய ஆரம்பித்திருந்தன.

"எல்லாரும் மேல கொண்டுபோய் காயவெக்கிறீங்க. இத நான் எங்க சார் காயவெக்கிறது?"

நான் பொட்டலத்தை வாங்கி என் வாளியில் போட்டு மூடினேன்.

"இங்கயே போடுங்க டீச்சர்."

"ஒங்க பேரு மொதல்ல வருதே சார்."

"எதுலயாவது மொதல்ல வரட்டும்."

சொல்லிவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறியது. இப்போது நான் காலையில் காது கொடுத்தது பதினைந்தாம் நம்பருக்கு. மலர்க்கொடி, "பதினஞ்சு — ஒரு கிலோ" என்றால் மூச்சு வரும். ஒரு நாள் டீச்சருக்குப் பூசையில் தாமதம், பொட்டலம் அவர் வீட்டு வாளியிலேயே நின்றுவிட்டது. "பதினஞ்சு —" என்று ஆரம்பித்த மலர்க்கொடி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "— ஒரு கிலோ நூறு" என்றார். பிறகு என் வாளியை மாட்டி, இல்லாத இரண்டு கிலோவை என் கணக்கில் சேர்த்துக் கத்தினார்.

போகும்போது, "ஒங்க வூட்டுக் குப்ப காயிதமும் காப்பித்தூளும் சார். தூக்குற கைக்குத் தெரியாதா?" என்றார்.

ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி? டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு நாள் தடுக்கி விழுந்தால்? புது ஆள் வந்து உள்ளதை உள்ளபடி கத்தினால்? அன்றைக்கு அந்த மனிதர் டம்ளரைத் தள்ளிவிடுவார். நான் சுமதியிடம் சொன்னேன். "கூட்டத்துல பேசுங்க" என்றார். "பேரு மட்டும் சொல்லிடாதீங்க."

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவில் கூட்டம். ஓட்டை உடைசல், தெருவிளக்கு, குழாய் எல்லாம் முடிந்து நான் எழுந்தேன். எடையைச் சத்தமாகச் சொல்லக்கூடாது, சிவப்புக் குறி போட்ட பொட்டலத்தை நிறுக்கக்கூடாது என்றேன்.

"சத்தமா சொன்னாதான சார் குறையுது?" என்றார் செந்தில். "நீங்கதான எழுதுனீங்க, வெளிச்சத்துல நிறுத்துனா இளைக்கும்னு."

சொந்த வரி திரும்பி வந்து கடிப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நோயாளி இருக்கிற வீட்டுக்கு அது எப்படிங்க இளைக்கும்?"

"நம்ம தெருவுல யாரு சார் அப்பிடி இருக்கா? சொல்லுங்க. அந்த வூட்டுக்கு மட்டும் தள்ளிடுவோம்."

நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் முப்பது முகங்களும் என்னைப் பார்த்தன. என் கண் தன்பாட்டுக்குப் பதினைந்தாம் நம்பர் வீட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. இன்னும் ஒரு நொடி போனால் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துவிடுவார்கள். என்ன செய்வது? தயார் செய்து வைத்திருந்த வாதம் எல்லாம் மறந்துவிட்டது.

"எங்க வீட்டுலதான்" என்றேன்.

"யாருக்கு சார்?"

சுமதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், சற்றுமுன் குழாய் விஷயத்தில் நாலு பேரை வாதாடித் தோற்கடித்த முழு ஆரோக்கியத்தோடு. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"எனக்குத்தான்."

முன்னால் இருந்த ஒருவர் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார் செந்தில், குரலைத் தாழ்த்தி. இரண்டு தீர்மானமும் ஒரே நிமிடத்தில் நிறைவேறின. என் எழுத்து வாழ்க்கையில் எந்த வாதமும் இவ்வளவு சீக்கிரம் ஜெயித்ததில்லை.

திரும்பி நடந்து வந்தோம். கேட்டுக்குள் வந்த பிறகு சுமதி, "என்னச் சொல்லாம விட்டீங்களே, அதுவரைக்கும் சரி" என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது மலர்க்கொடி கத்துவதில்லை. வண்டிக்கு நடந்துபோய் எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறார். பொட்டலம் டீச்சர் வீட்டு வாளிக்குள்ளேயே கிடக்கிறது, எடை இல்லாமல்.

புதன்கிழமை காலை விசில் கேட்டது. நீளமாக. கொஞ்ச நேரத்தில் டீச்சர் சுவரோரம் வந்தார்.

"சார், ஒங்களக் கூப்புடுறாரு."

ஜன்னலோரக் கட்டில். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். இளைத்திருந்தார். ஆனால் முடி அதே க்ராப், கழுத்தில் அதே விசில். டீச்சரைக் காபி போடச் சொல்லி அனுப்பினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக நின்று நின்றுதான் வந்தன.

"கேள்விப்பட்டேன்."

எனக்கு வியர்த்தது.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் சார்."

"வெக்கமா இருக்கா?"

"இருக்கு சார்" என்றேன். அது முழு உண்மை.

அவர் இடக்கையால் போர்வையை ஓரமாக விலக்கினார். "நானுந்தான்" என்றார். "யாருக்கும் தெரியாது. ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். பயப்படாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

"தண்ணி கொறச்சிட்டீங்கள்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"தெரியும். நானும் கொறச்சேன். தப்பு. எரியும்… காய்ச்சல் வரும்… தூக்கிட்டுப் போவணும்." பக்கத்தில் இருந்த கூஜாவைக் காட்டினார். "ரெண்டு டம்ளர் ஊத்துங்க."

ஊற்றினேன். ஒன்றை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். மற்றதை இடக்கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்றப்ப குடிக்கணும். ரெடி… ஒன்… டூ…"

குடித்தேன். முழு டம்ளர். அவர் என்னைக் கண்காணித்துக்கொண்டே குடித்தார். முன்மாதிரி காட்டுகிறவர் பாதியில் நிறுத்த முடியுமா? கடைசிச் சொட்டு வரை. வாசல்படியில் காபியோடு நின்ற டீச்சர் உள்ளே வரவில்லை.

"ஒரு நாளைக்கு எட்டு" என்றார் சார். "காலையில விசில் ஊதுவேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்களும் குடிக்கணும்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "இத எழுதுங்க சார். நெறய பேரு நம்ம மாதிரி இருப்பான். ஒங்க பேரப் போட வெக்கமா இருந்தா, எம் பேரப் போட்டுக்குங்க. சவரிமுத்து படுத்திருக்கான், டயாப்பர் கட்டியிருக்கான், தண்ணி குடிக்கிறான்னு போடுங்க."

என்னைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுக்கிறார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொல்லி, நாளைக்கு விசில் நின்றுவிட்டால்?

ஆனால் அவர் பெயரைப் போட்டு என் பொய்யை அச்சில் ஏற்றவும் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். வெகு நேரம் கழித்து, இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொண்டுவந்தார். "போடுங்க சார். அவருக்கு நான்தான வாசிச்சுக் காட்டுவேன். வாசிச்சிடுறேன்" என்றார். அவர் விரலில் சிவப்பு மை ஒட்டியிருந்தது.

குப்பைக்கு எடை போட்டு வசூலிப்பதற்கு இன்றைக்கும் நான் கை தூக்குவேன். பலா மடலுக்கு எடை உண்டு, என் கிழித்த தாளுக்கும் உண்டு. எதை நிறுக்கக்கூடாது என்பதைத்தான் நாங்கள் யாருமே கூட்டத்தில் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேப்பர் வந்துவிடும். சவரிமுத்து சார், வாசித்துக்கொண்டே டீச்சர் இப்போது இந்த வரிக்கு வந்திருப்பார். டம்ளரைக் கீழே வைத்துவிடாதீர்கள். கோபமாக இருந்தால் விசில் ஊதுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் டம்ளரோடுதான் நிற்கிறேன்.